சின்னக் கல்லூரி கோச் கூப்பிடுகிறார், மகனை அனுப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே? மினியாபொலிஸ் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, மகன் பதினோராம் வகுப்பு, பள்ளியின் கூடைப்பந்து அணியில் நன்றாகவே ஆடுகிறான், பெரிய யூனிவர்சிட்டி எதுவும் எட்டிப் பார்க்கவில்லை, பெயரே கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியின் கோச் மட்டும் விடாமல் மெயில் அனுப்புகிறார். விளையாட்டுக்கென்று ஒரு பைசா ஸ்காலர்ஷிப் கிடையாதாம். இப்படிப்பட்ட இடத்திலிருந்து யாராவது அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கிறார்களா, இல்லை பையன் பந்தை ஓரமாக வைத்துவிட்டுப் படிப்பைப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனும் இந்தப் பக்கத்து டிவிஷன் 3 கல்லூரி (கல்லூரி விளையாட்டின் மூன்று படிகளில் கடைசிப் படி, டிவிஷன் 1 தான் உச்சம்) ஒன்றில் நான்கு வருஷமும் ஆடியவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போயிருக்கிறார்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவரே போயிருக்கிறார். டெவியன் ஜார்ஜ் மினியாபொலிஸில் பிறந்து வளர்ந்து, ஊருக்குள்ளேயே இருக்கும் ஆக்ஸ்பர்க் கல்லூரியில் ஆடியவர். என்.பி.ஏ. அணிகள் வருஷா வருஷம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999 இல், முதல் சுற்றிலேயே, 23வது ஆளாக, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அவரை எடுத்தது. ஷாக் ஓ'நீல், கோபி பிரையன்ட் என்ற நட்சத்திரங்கள் இருந்த அந்த அணியில் 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று சாம்பியன்ஷிப். ஆடி முடித்த பிறகு வட மினியாபொலிஸுக்கே திரும்பி வந்து, வாடகை கட்டுப்படியாகும் வீடுகள் கட்டும் வேலையில் இறங்கினார். ஆக்ஸ்பர்க் இப்போது யூனிவர்சிட்டி ஆகிவிட்டது, ஆனால் இன்னமும் அதே டிவிஷன் 3 தான்.

ஆனால் இதை மட்டும் வைத்து மகனிடம் ஆசை காட்டிவிடாதீர்கள். டிராஃப்டில் மொத்தமே இரண்டு சுற்று, வருஷத்துக்கு அதிகபட்சம் அறுபது பேர், அதில் ஐரோப்பாக்காரர்களும் அடக்கம். டிவிஷன் 3 கல்லூரிகள் மட்டும் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அதனால் "போயிருக்கிறார்களா" என்பதைவிட, போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்ப்பதுதான் உங்களுக்கு உதவும்.

ஸ்காட்டி பிப்பென் ஆர்கன்சாவில் ஹாம்பர்க் என்ற சின்ன ஊர்ப் பையன், வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். பள்ளி முடித்தபோது ஆறடி ஒரு அங்குலம், ஒரு கல்லூரியும் சீண்டவில்லை. சென்ட்ரல் ஆர்கன்சாவில் அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வேலைக்கு என்றுதான் உள்ளே போனார். அந்தக் கல்லூரி அப்போது இந்த மூன்று டிவிஷன்களையும் நடத்தும் என்.சி.ஏ.ஏ.வில்கூட இல்லை, என்.ஏ.ஐ.ஏ. என்கிற வேறு அமைப்பில் இருந்தது. படிக்கப் படிக்க வளர்ந்தார், ஆறடி ஏழு அங்குலத்தைத் தொட்டார், 1987 டிராஃப்டில் ஐந்தாவது ஆள். டென்னிஸ் ராட்மனும் அப்படித்தான், பள்ளி முடித்துவிட்டு டாலஸ் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்த காலத்தில் உயரம் எகிறி, ஓக்லஹோமாவில் டுராண்ட் என்ற ஊரிலிருக்கும் ஒரு என்.ஏ.ஐ.ஏ. கல்லூரியில் ஆடித்தான் மேலே வந்தார்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். டெரிக் வைட் கொலராடோவில் பள்ளி முடித்தபோது டிவிஷன் 1 அழைப்பு ஒன்றுகூட இல்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் டிவிஷன் 2 கல்லூரியில் மூன்று வருஷம் ஆடினார், அங்கே இருக்கும்போதே உயரமும் ஏறியது, ஆட்டமும் ஏறியது. அப்புறம் கொலராடோ யூனிவர்சிட்டிக்கு மாறினார். 2017 இல் டிராஃப்ட், 2024 இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சாம்பியன்ஷிப், அதே வருஷம் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம். டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் கல்லூரியில் முதல் வருஷம் ஆடி டிவிஷன் 3 இறுதிப் போட்டிவரை போனவர். பிறகு மிஷிகனுக்கு மாறி, 2018 டிராஃப்டில் யாரும் எடுக்காமல், மயாமி அணியில் ஒட்டிக்கொண்டு, 2021 இல் ஐந்து வருஷத்துக்கு 90 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். பதினேழு வயதில் ஆள் முழுசாகத் தயாராகவில்லை, உடம்போ ஆட்டமோ தாமதமாகத்தான் வந்தது. அது வருகிற காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்காமல் களத்தில் நின்று ஆடக் கிடைத்தது. சின்னக் கல்லூரி கொடுத்தது அந்த நிமிடங்களைத்தான். பெயர் பெற்ற யூனிவர்சிட்டியில் பதினான்காவது ஆளாகத் தொற்றிக்கொண்டு நான்கு வருஷமும் துண்டு வீசிக்கொண்டிருந்தால் அது கிடைத்திருக்காது. இது என் உறுதியான கருத்து, இதற்காக யாரோடும் வாதாடத் தயார்.

ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அயோவாவில் கிரின்னல் என்று ஒரு டிவிஷன் 3 கல்லூரி. அங்கே ஐந்து ஐந்து பேராக ஆள் மாற்றிக்கொண்டே, எதிரி மூச்சு வாங்க விடாமல் ஓடி, கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எறிவதுதான் ஆட்டமுறை. 2012 நவம்பரில் ஜாக் டெய்லர் என்ற பையன் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளிகள் எடுத்தான். 108 முறை எறிந்தான், அதில் 27 மூன்று புள்ளிக் கூடைகள். நாடு முழுக்கச் செய்தியானது, கோபியே வியந்து பேசினார். என்.பி.ஏ. கதவு மட்டும் திறக்கவில்லை. யாரை எதிர்த்து, எந்த முறையில் எடுத்தான் என்பதைத்தான் மேலே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் மகனின் பள்ளி ஸ்கோரையும் கல்லூரி கோச்சுகள் இப்படித்தான் எடைபோடுவார்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு, அது உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கல்லூரி அணியில் நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், அப்புறம் ஐ.ஓ.பி.யோ இந்தியன் பேங்கோ ஐ.சி.எஃப்போ ரயில்வேயோ வேலை கொடுத்து ஆட வைக்கும். இங்கே அந்த ஏணியே கிடையாது. கல்லூரி முடிந்தால் பெரும்பாலோருக்கு ஆட்டம் முடிந்தது, பட்டம்தான் கையில். டிவிஷன் 3 இல் நன்றாக ஆடிய சிலர் ஜெர்மனி, அயர்லாந்து, போர்ச்சுகல் மாதிரி நாடுகளின் கீழ்மட்ட லீக்குகளுக்குப் போகிறார்கள். தங்க வீடு, கைச்செலவுக்குப் பணம், ஒரு சீசன் ஒப்பந்தம். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு வரம்பு வைத்திருப்பதால் அதிலும் போட்டி கடுமை. ஓரிரு வருஷம் ஊர் பார்த்தபடி ஆடலாம், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஆனால் பெற்றோர்கள் யாரும் கேட்காத இன்னொரு வழி இருக்கிறது. பிராட் ஸ்டீவன்ஸ், இண்டியானாவில் டிபாவ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஆடியவர். படித்து முடித்து ஈலை லில்லி மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார், அதை விட்டுவிட்டு பட்லர் யூனிவர்சிட்டி அணியில் சேர்ந்து, கோச்சாகி, அதை 2010, 2011 இரண்டு வருஷமும் தேசிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். இன்று பாஸ்டன் செல்டிக்ஸின் கூடைப்பந்து நிர்வாகம் முழுக்க அவர் கையில். மேலே சொன்னேனே டெரிக் வைட், அவரை 2022 இல் சான் அன்டோனியோ அணியிடமிருந்து வாங்கி வந்ததே இவர்தான். 2025 இல் கோப்பை வென்ற ஓக்லஹோமா சிட்டி அணியைக் கட்டியவர் சாம் பிரெஸ்டி, எமர்சன் கல்லூரியில் ஆடியவர். யூட்டா என்.பி.ஏ. அணியின் கோச் வில் ஹார்டி வில்லியம்ஸ் கல்லூரிக்காரர். மைக் புடன்ஹோல்சர் பொமோனா கல்லூரியில் ஆடிவிட்டு சான் அன்டோனியோ அணியில் வீடியோ வெட்டி ஒட்டும் வேலையில் ஆரம்பித்து, 2021 இல் மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அதே பொமோனாவில்தான் கிரெக் பொபோவிச் முன்பு கோச்சாக இருந்தார். முதல் சீசனில் 2 வெற்றி, 22 தோல்வி. பிற்பாடு சான் அன்டோனியோவில் ஐந்து சாம்பியன்ஷிப் வாங்கினாரே, அவரேதான். ஆட்டத்தைப் படிப்பாகப் படிக்கிற பையனுக்கு இந்தக் கல்லூரிகள் நிஜமாகவே நல்ல இடம். உங்கள் மகன் கணக்கில் கெட்டி என்று எழுதியிருந்தீர்கள், அதை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆட்டம் நேரில் பாருங்கள். ஜனவரியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், வெளியே மைனஸ் இருபது, உள்ளே சின்ன ஜிம், இழுத்துப் போட்ட மரப்படிகளில் சில நூறு பேர், ஸ்கோர் போர்டைத் தட்டுவது ஒரு மாணவி, முன்வரிசையில் அவர்களுடைய கெமிஸ்ட்ரி புரொபசர். கோச் சத்தம் போடுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும், ஷூ தரையில் கிறீச்சிடுவதும் கேட்கும். ஆட்டம் முடிந்ததும் பெற்றோர்கள் கொண்டுவந்த சாப்பாட்டை ஹாலில் பரப்பி வைப்பார்கள், இரண்டு அணிப் பையன்களும் வந்து எடுப்பார்கள். என் மனைவி கொண்டுபோன லெமன் சாதத்துக்கு அங்கே தனி வரிசை நின்றது. மூர்ஹெட் ஆட்டத்துக்குப் பஸ்ஸில் போக நான்கு மணி நேரம், திரும்ப நான்கு மணி நேரம், மண்டை விளக்கை மாட்டிக்கொண்டு பையன்கள் ஹோம்வொர்க் செய்வார்கள். மறுநாள் காலை எட்டு மணி லேபுக்கு யாரும் சலுகை தருவதில்லை.

சரி, பணம். டிவிஷன் 3 இல் விளையாட்டுக்கு உதவித்தொகை கூடாது என்பது விதி, கோச் நினைத்தாலும் தர முடியாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு, பல இடங்களில் கணிசமாகவே உண்டு. தனியார் கல்லூரிகளில் போட்டிருக்கும் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உங்கள் வருமானத்தைப் போட்டால் தோராயமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் கால்குலேட்டர் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து விஸ்கான்சினில் ஸ்டீவன்ஸ் பாயிண்ட், வைட்வாட்டர் போன்ற அரசுக் கல்லூரிகளும் டிவிஷன் 3 தான், கட்டணம் குறைவு, ஆட்டத்தின் தரம் இந்தப் பிரிவிலேயே உச்சம். போர்ட்லண்ட் என்.பி.ஏ. அணியில் நட்சத்திரமாக இருந்த டெரி போர்ட்டர் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் பையன்தான்.

உங்களுக்கு முக்கியமானது விசா. மகன் எச்-4 இல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும்வரை மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது, அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டுகாரர்களுக்கும்தான். கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தருவது அவரவர் இஷ்டம், ஆகவே எச்-4 மாணவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் என்று நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். கிரீன் கார்டு வருவதற்குள் 21 வயது ஆகிவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். ஆடுவதற்கு இதெல்லாம் தடையில்லை. ஆனால் இப்போது கல்லூரிப் பையன்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்களே, அந்தப் பக்கம் வக்கீலைக் கேட்காமல் போகவே கூடாது.

டிவிஷன் 1 அழைப்புக்காகக் காத்திருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காத்திருக்க வேண்டாம் என்பேன். முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும், வைட்டும் ராபின்சனும் அப்படி உட்கார்ந்தவர்கள்தான். இப்போது அந்த விதி போய்விட்டது. அதனால் பெரிய இடத்துக் கோச்சுகள் பதினெட்டு வயதுப் பையனைவிட இருபத்திரண்டு வயது தேர்ந்த ஆளைத்தான் வேறு கல்லூரியிலிருந்து இழுக்கிறார்கள். உங்கள் மகன் சின்ன இடத்தில் நன்றாக ஆடினால் அவர்கள் தேடி வருவார்கள், வராவிட்டாலும் நல்ல பட்டம் கையில் இருக்கும்.

அந்தக் கோச்சிடம் கேட்க வேண்டியவை: இவன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், முதல் வருஷப் பையன்களுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறீர்கள், அணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் வருஷம் வரை இருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் உஷாராகிவிடுங்கள். அட்மிஷன் ஆபீஸிடம் மகனின் மார்க்கை முன்கூட்டியே காட்டிப் பார்க்கச் சொல்லலாம், பல கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் கோடையில் செய்கிறார்கள். அப்போதே நிதி உதவி எவ்வளவு வரும் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல், சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டிப்போடும் 'எர்லி டிசிஷன்' விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். கோச் வாய்மொழியாகச் சொல்வதும் அட்மிஷனும் ஒன்றல்ல.

இன்னொன்று, அந்த மெயிலுக்குப் பதில் இந்த வாரமே போகட்டும், ஆனால் நீங்கள் எழுத வேண்டாம். மகனே எழுதட்டும், போனிலும் அவனே பேசட்டும். இங்கே கோச்சுகள் அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.