வாசகர் கேள்வி பதில்: "சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா போலீஸ் வரும்"

கேள்வி: எனக்கு தேனி மாவட்டம் கூடலூர்ணே. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு ஓட்டுறேன். போன வாரம் ஒரு போன், மலையாளமும் தமிழும் கலந்து பேசுனாங்க. கேரளால ஒரு பைனான்ஸ்ல 38,000 பாக்கி, பீர்மேடு கோர்ட்ல கேஸ் ஆயிருச்சு, லோக் அதாலத்துக்கு வரலைன்னா போலீஸ் தூக்கிரும், இப்பவே 9,500 ஜிபேல போட்டா செட்டில்மென்ட்னு சொல்றாங்க. அந்தப் பக்கம் நான் லோனே வாங்கல. ஆனா அப்பா பேரு, ஆதார் கடைசி நாலு நம்பர் எல்லாம் கரெக்டா சொல்றாங்க. வாட்ஸப்ல சிங்க முத்திரை போட்ட லெட்டர் வேற. தினமும் செக்போஸ்ட் தாண்டிப் போறவன், புடிச்சு வச்சுருவாங்களோ?

பதில்: மாட்டாங்க, நீங்க பாட்டுக்கு வண்டிய எடுங்க. ஏன் பீர்மேடுன்னு சொன்னான்னு யோசிங்க, உத்தமபாளையம் கோர்ட்டுன்னு சொல்லியிருந்தா மறுநாளே போய் தெரிஞ்ச வக்கீல்கிட்ட விசாரிச்சுருப்பீங்க, மலைக்கு அந்தப் பக்கம்னா பாஷையும் வேற, ஆளும் தெரியாது, பயந்து கட்டிருவீங்கன்னு கணக்கு. கேரளா பக்கம் வண்டிப்பெரியாறுக்காரருக்கு போன் போட்டா இவனே மெட்ராஸ் கோர்ட்டுன்னு மாத்திப்பான்.

நெசமாவே லோன் வாங்கி கட்டாம விட்டாக்கூட அது சிவில் விவகாரம்தான், போலீஸ் வந்து வசூல் பண்ணித் தராது. செக் ரிட்டன் ஆனா கிரிமினல் கேஸ் வரலாம், அதுக்கும் முதல்ல எழுத்துல நோட்டீஸ் வரணும், வந்த பிறகு பணம் கட்ட 15 நாள் டைம் உண்டு. லோக் அதாலத்துங்கறது ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி முடிக்கிற இடம், போகலைங்கறதுக்காக யாரையும் தூக்கிட்டுப் போறதில்ல. அந்த சிங்க முத்திரை லெட்டர இன்டர்நெட்ல படத்த எடுத்து எவனும் அடிச்சுரலாம். விசாரணைக்கு வரச்சொல்ற நோட்டீஸ வாட்ஸப்ல அனுப்பக்கூடாதுன்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே போலீசுக்கு சொல்லிருச்சு.

ஆதார் நம்பர் தெரியுதேன்னு மலைக்காதீங்க, சிம் வாங்க, ரூம் போட, கேஸ் கனெக்சனுக்குன்னு எத்தனை இடத்துல ஜெராக்ஸ் குடுத்துருக்கோம்.

மறுபடி போன் வந்தா வாக்குவாதம் வேணாம். எந்தக் கம்பெனி, லோன் அக்கவுண்ட் நம்பர் என்ன, என்னைக்கு குடுத்தீங்க, எழுத்துல அனுப்புங்கன்னு கேட்டுட்டு வச்சுருங்க. நெச ஏஜென்டுன்னா பேங்க் குடுத்த அதிகாரக் கடிதமும் ஐடி கார்டும் கையில இருக்கணும், காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. சொன்ன கம்பெனி நெசமா இருந்தா அவன் குடுத்த நம்பர விட்டுட்டு நீங்களே நம்பர் தேடிக் கூப்பிடுங்க. கொஞ்சமா போட்டு தொல்லைய விடுவோம்னு மட்டும் நெனைக்காதீங்க, கட்டுற ஆளுன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் வக்கீல் பீஸுன்னு வருவான்.

இன்னொரு வேலை இருக்கு, அத பல பேர் விட்டுர்றாங்க. உங்க பேர்ல வேற எவனாவது லோன் வாங்கியிருக்கானான்னு பாக்கணும். யார் யார் என்ன லோன் வாங்குனாங்கன்னு பதிஞ்சு வைக்கிற கம்பெனிங்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க், நாலுமே வருசத்துக்கு ஒரு தடவை ப்ரீயா ரிப்போர்ட் தரணும். தெரியாத லோன் இருந்தா அவங்களுக்கே கம்ப்ளைன்ட் குடுங்க, 30 நாள்ல சரி பண்ணலைன்னா நாளுக்கு 100 ரூபா உங்களுக்கு நஷ்ட ஈடு.

பணம் போட்டிருந்தா ஒரு நிமிசம் கூட தள்ளாம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, ரெண்டு மாநிலத்துக்கும் அதே நம்பர்தான், பேங்குக்கும் சொல்லுங்க. போடலைன்னா மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறை நடத்துற சஞ்சார் சாத்தி வெப்சைட்ல 'சக்ஷு'ன்னு இருக்கு, அந்த நம்பர அதுல போட்டு விடுங்க. ஸ்டேஷன்ல "கேரளா கேஸு, அங்க போ"ன்னு சொன்னா ஜீரோ எப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்க, குத்தம் எங்க நடந்தாலும் கம்ப்ளைன்ட் வாங்கித்தான் ஆகணும், அதுக்குப் பேருதான் ஜீரோ எப்ஐஆர்.

கேள்வி: தம்பி ஏதோ ஆப்ல லோன் எடுத்தான். இப்ப எனக்கும் என் சர்ச் ஆளுங்களுக்கும் போன் போட்டு அசிங்கமா பேசுறாங்க. நான் கட்டணுமா? (வண்டிப்பெரியாறு வாசகி)

பதில்: கேரண்டி கையெழுத்து போடலைல்லம்மா? அப்ப ஒத்த ரூபா கட்ட வேண்டாம். லோன் ஆப் போன்ல இருக்கற கான்டாக்ட்ஸ தொடவே கூடாதுன்னு 2022லயே ரிசர்வ் பேங்க் ரூல் போட்டாச்சு, தொட்டிருக்கான்னாலே ஆப் மேல சந்தேகம்தான். மெசேஜ அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சு 1930லயும், ரிசர்வ் பேங்கோட 'சசேத்' வெப்சைட்லயும் புகார் குடுங்க. சர்ச் ஆளுங்ககிட்ட நீங்களே முந்திக்கிட்டு சொல்லிருங்க, அப்புறம் அவன் மெரட்டலுக்கு வேலையே இல்ல. தம்பி வாங்குன அசலு என்னன்னு தனியா கேட்டு வைங்க, அது வேற கணக்கு.

கேள்வி: ட்ரூகாலர்ல 'பேங்க் ரெக்கவரி'ன்னு பேரு வருதே, நம்பலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: அந்தப் பேர எவன் வேணும்னாலும் வச்சுக்கலாம். பேங்குங்க சர்வீஸ் காலுக்கு 1600ல தொடங்குற நம்பர்தான் யூஸ் பண்ணணும்னு ரூல் இருக்கு. அதுலயே வந்தாலும் ஓடிபி கேட்டாலோ தனி ஆள் யுபிஐக்கு பணம் போடச் சொன்னாலோ கட் பண்ணிட்டு பிராஞ்சுக்கு நேர்ல போயிருங்க.