7 × 8 கேட்டால் முதலிலிருந்து பாடுகிறான்

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு, ஆங்கில வழிப் பள்ளி. வாய்ப்பாடு இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பான். இடையில் 7 × 8 எவ்வளவு என்றால் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து தொடங்குகிறான். அபாகஸில் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், பள்ளியிலேயே வகுப்பு இருக்கிறது. சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, குழித்துறை

பதில்: இதற்காக என்றால் சேர்க்காதீர்கள்.

அபாகஸ் என்பது கம்பியில் மணி கோத்த சட்டம். அதில் 47-ஐ 8-ஆல் பெருக்க, 4 × 8 = 32, 7 × 8 = 56 என்று முதலிலேயே மனதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மணியைத் தள்ளுவது என்றே தெரியாது. அதாவது, வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு மருந்து என்று, வாய்ப்பாடு தெரிந்தால்தான் நடக்கும் வகுப்பை விற்கிறார்கள்! அப்புறம் லெவல், லெவலுக்கு ஒரு சான்றிதழ், போட்டிக்குத் தனிக் கட்டணம், டி-சர்ட். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எங்கே போனாலும் இதே விளம்பரப் பலகைதான். வேத கணிதம் என்று வருகிறவர்களிடமும் இதே எச்சரிக்கையோடு இருங்கள்.

உங்கள் மகனுக்கு ஞாபகக் குறைவு இல்லை. அவன் படித்தது பாட்டு. எட்டாவது வரி வேண்டுமென்றால் ஏழு வரியைப் பாடித்தான் வர முடியும். பத்துத் தடவை எழுதச் சொல்வதும் உதவாது. பிள்ளைகள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: மேலிருந்து கீழாக 7, 7, 7 என்று ஒரு வரிசை, அடுத்து பெருக்கல் குறி, அடுத்து 1, 2, 3. கடைசியில் ஏழு ஏழாகக் கூட்டி விடை. பெருக்கல் அதில் எங்கேயும் இல்லை.

1 முதல் 10 வரை மொத்தம் 100 பெருக்கல். 1, 2, 5, 10 அவனுக்கு வந்துவிடும். ஒன்பதுக்கு விரல் போதும்: இரண்டு கையையும் விரித்து, இடமிருந்து நாலாவது விரலை மடக்கினால் இந்தப்பக்கம் 3, அந்தப்பக்கம் 6, ஆக 9 × 4 = 36. மீதி இருப்பது 3, 4, 6, 7, 8 தங்களுக்குள் பெருக்குவதுதான். 6 × 8-உம் 8 × 6-உம் ஒன்று என்று புரிந்துவிட்டால் அதுவும் வெறும் 15. இதைப் புரியவைக்கப் பலசரக்குக் கடை முட்டை அட்டை போதும். ஐந்து வரிசையில் ஆறு குழி. திருப்பிப் பிடித்தால் ஆறு வரிசையில் ஐந்து. முட்டை அதே 30.

அந்தப் பதினைந்தையும் பழைய கல்யாணக் கார்டின் பின்பக்கம் எழுதுங்கள், விடை இல்லாமல். ஒரு நாளைக்கு மூன்று புதுக் கார்டு, கலைத்துப் போட்டு. எண்ணைக் காட்டுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ வாய்க்கு வந்தபடி சொல்லட்டும். மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குள் வராவிட்டால் விடையை நீங்களே சொல்லிவிட்டு, இரண்டு கார்டு தள்ளி அதையே மறுபடி காட்டுங்கள். மறுநாள் ஒருமுறை, இரண்டு நாள் விட்டு ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. பெரும்பாலும் இடறுவது 6 × 7, 6 × 8, 7 × 8. கடைசியதற்கு ஒரு குறுக்குவழி: 5, 6, 7, 8 என்று எழுதிப் பாருங்கள்; 56 = 7 × 8.

இருபது வரை மனப்பாடம் ஆண்டுவிழா மேடைக்குத்தான். 17 × 8 என்றால் 10 × 8 = 80-உம் 7 × 8 = 56-உம் சேர்ந்து 136, முடிந்தது. இதை வகுப்பில் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். எங்கே! சிலபஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 8 + 5-க்கே இன்னும் விரல் எண்ணுகிறானா? 34-உம் 43-உம் மாறிப்போகிறதா? நாலைந்து புள்ளிகளைப் பார்த்தவுடன் எத்தனை என்று சொல்லத் தெரியவில்லையா? மணி பார்ப்பதும் சில்லறை வாங்குவதும்கூடச் சிரமமா? ஒன்று மட்டும் இருந்தால் பயப்படாதீர்கள். எல்லாம் சேர்ந்து, மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் டிஸ்கால்குலியா எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். சோம்பேறி என்று அடிப்பதும், 'பெரியவனானால் சரியாகிவிடும்' என்று விடுவதும் இரண்டுமே அநியாயம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பையன் அந்த வகை இல்லை.

அபாகஸ் கட்டணம் பள்ளி ஃபீஸ் ரசீதிலேயே சேர்ந்து வந்தால், அது கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள். நேரில் கேட்டால் 'எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தாச்சு' என்றுதான் பதில் வரும்.