50 சதவீதம் என்றால் சிறப்புப் பள்ளிதானா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்தவன், மூளை முடக்குவாதம் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான், பேச்சு கொஞ்சம் குழறும். தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். நாலு வரி எழுதச் சொன்னால் அதற்குள் பீரியட் முடிந்துவிடுகிறது. “அடுத்த வருஷம் ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்க” என்கிறார் தலைமை ஆசிரியை. அரசு மருத்துவமனையில் 50 சதவீதம் என்று சான்று தந்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் பள்ளியை முடிவு செய்வார்களா?
- ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: அன்புத் தோழிக்கு,

இல்லை. மருத்துவர் அளந்தது அவன் கைகால் இயக்கத்தை. அவன் படிப்பை அந்தச் சான்று அளக்கவே இல்லை.

அந்த 50 வேறு விஷயத்துக்கு உதவும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மூளை முடக்குவாதம் கைகால் இயக்கக் குறைபாட்டின் கீழ் வருகிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 31-வது பிரிவு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கே அது விடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்காக அதை யோசித்துச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்தான். 16-வது பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடில்லாமல் சேர்த்து, பிள்ளைக்கு வேண்டிய வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது. தனியார் பள்ளி என்பதால் இதிலிருந்து தப்ப முடியாது.

35 சதவீதம் என்று வந்ததும் இடிந்துபோகும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் கை இறுகிப்போகும் விகாஷ் குமார் என்ற தேர்வர், சொல்வதை எழுத ஆள் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு 40 சதவீதம் இல்லை. இருந்தும் அந்த உதவியை மறுக்கக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பு வந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் சிறப்பாசிரியராக இருந்தவள் நான். சிறப்புப் பள்ளி வேறு, சிறப்புக் கல்வி வேறு. உங்கள் மகன் சிறப்புக் கல்விக்கு முழுத் தகுதி உள்ளவன். அது அவன் இப்போது உட்காரும் பெஞ்சிலேயே அவனுக்குக் கிடைக்கலாம்.

அந்த பெஞ்சில் அவன் எப்படி உட்காருகிறான் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். என்னிடம் ஒரு சிறுமி இருந்தாள், இதே பிரச்சினை. கால் தரையில் எட்டாது. விழாமலிருக்க இடது கையால் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுவாள்; நோட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டோம், நோட்டை கிளிப் அட்டையில் மாட்டினோம், பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் தடிமனாக்கினோம். ஒரு வாரத்தில் எழுத்து கோட்டுக்குள் நின்றது. இன்னொன்றும் கவனித்தேன்: காலையில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்பதற்காக நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. உங்கள் மகனின் பாட்டிலையும் பாருங்கள்.

எழுத்து மெதுவாகத்தான் வரும். அவனுக்குத் தெரிந்ததை வாயால் கேட்கலாம், விடையைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். பேச்சு குழறுகிறது என்பதற்காகப் புத்தி மந்தம் என்று முத்திரை குத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பின்னாளில் தேர்வு எழுதக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாவற்றுக்கும் அதே சட்டத்தின் 17-வது பிரிவு வழி செய்கிறது.

சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் பல மணி நேரம் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆதரவு. வீட்டை விட்டு வரவே முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே படிக்க, கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் இடம் தருகிறது. கதையைத் திருப்பிச் சொல்லும் உங்கள் பையனுக்கு இப்போது இரண்டும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

முதலில் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: தரைத்தள வகுப்பறை, கால் பலகை, கழிப்பறையில் கம்பி, வாய்மொழித் தேர்வு. சேர்க்க முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேச்சோடு பேச்சாக மறுப்பவர்கள் எழுதித்தரத் தயங்குவார்கள். தந்துவிட்டால், அந்தத் தாளோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். இடையில் உங்கள் வட்டார வள மையத்துக்கும் ஒருநடை போய்வாருங்கள். அங்குள்ள சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் அவனை நேரில் பார்த்து என்னென்ன வேண்டும் என்று சொல்வார்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் அவர்களிடமே கேளுங்கள். போகும்போது அவன் நோட்டையும் எடுத்துப் போங்கள், அந்த நாலு வரியோடு.