மாயாற்றுக் கூழாங்கல் திட்டில் கிடக்கும் எலும்பும் பல்லும் புதைபடிவமா?

நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. புதைபடிவம் என்றால் மண்ணில் புதைந்து, காலப்போக்கில் நுண்துளைகளில் தாது படிந்து கல்லாகிப்போன உடற்பகுதி. உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படியுமே, அதேபோல்தான் எலும்பின் துளைகளிலும் படியும். அதனால் அது கனக்கும். தட்டினால் கல் சத்தம் வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் புது எலும்பில் முடி கருகும் வாசனை எழும், புரதம் மிச்சமிருப்பதால். கல்லானதில் எழாது.

நீலகிரியின் பாறை சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை, ஆழத்தில் வெந்து உருமாறியது. அதற்குள் எலும்பு இருக்க வழியே இல்லை. ஆகவே ஆற்றோரம் கிடைப்பது பெரும்பாலும் காட்டெருமை, கடமான், யானை எலும்புதான். யானையின் கடைவாய்ப்பல் பலரை ஏமாற்றிவிடும்: செங்கல் கனம், மேலே குறுக்கே வரிவரியான மேடு. கடமான் பல்லில் பிறைநிலா மடிப்பு தெரியும். எதையும் எடுத்துவராதீர்கள், படம் பிடித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் யானை எலும்புக்கும் பொருந்தும்.

கறுப்பாக இருந்தாலே புதைபடிவம் என்பது தவறு. இரும்பும் மாங்கனீசும் கலந்த சேற்றில் கிடந்தால் சமீபத்திய எலும்பும் கறுத்துவிடும்.