பாம்பனில் ஓரமாக நிற்கும் மகள்: என் பதில்

சகோதரி, திருப்பூரிலிருந்து பாம்பன் வந்து மூன்று மாதம், நாலு வயது மகள் அங்கன்வாடியில் யாரோடும் சேராமல் ஓரமாக நின்று பார்க்கிறாள், இது குறையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது.

1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிறு பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, வேடிக்கை பார்ப்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். அதனால் ‘போய் விளையாடு’ என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். கரையில் பிள்ளைகள் சிப்பி பொறுக்கும்போது அவள் கண் அவர்களைத் தொடர்கிறதா? அடி அடியாக நெருங்குகிறாளா? அங்கே பார்த்த ஆட்டத்தை வீட்டில் தனியாக ஆடிப் பார்க்கிறாளா? அப்படியென்றால் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். பேச்சு வழக்கே புதுசு, பாவம்! தெருவில் ஒரே ஒரு பிள்ளையை மாலையில் வீட்டுக்கு அழையுங்கள். கூட்டத்தைவிட அது எளிது.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகும் அப்பாமார் கரையில் இருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், அவர் திரும்பக் கடலுக்குப் போகும் வாரத்தில் அவள் தூக்கம், சாப்பாடு, அடம் எல்லாவற்றையும் தனியாகக் குறித்து வையுங்கள்; அப்பா பிரிவால் வரும் மாற்றத்தை இதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கலாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, முன்பு பேசிய சொற்களை விட்டுவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். வீட்டில் அவள் எப்படிப் பேசுகிறாள்? அதையும் எழுதுங்கள்.