ஒன்றரை டிகிரிக்கு ஏன் இவ்வளவு அலட்டல்?

கே: காலைக்கும் மதியத்துக்கும் நடுவிலேயே பத்து டிகிரி ஏறி இறங்குகிறது. உலகம் ஒன்றரை டிகிரி சூடானால் குடியா முழுகிவிடும்?

ப: அந்த ஒன்றரை டிகிரி, உலகம் முழுவதற்கும் பல வருடங்களுக்குமான சராசரி. சராசரியில் யார் குடியிருக்கிறார்கள்? பூமியில் பெரும்பகுதி கடல், அது மெதுவாகத்தான் சூடாகும். 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020இல் உலகச் சராசரி ஏற்றம் 1.09 டிகிரி செல்சியஸ், கடல்மேல் 0.88, நிலத்தில் 1.59. நாம் இருப்பதோ நிலத்தில். அதிலும் மண் காய்ந்த இடங்கள் பாடு இன்னும் மோசம், ஏனென்றால் ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகிவிடும், ஈரம் தீர்ந்தால் அதுவும் சேர்ந்து காற்றைச் சூடாக்கும். மத்தியதரைக் கடலோர நாடுகளில் உச்ச வெயில் உலகச் சராசரியைவிட வேகமாக ஏற இது ஒரு முக்கியக் காரணம். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், ஒன்றரை டிகிரியில் சுமார் 4 முறையும் இரண்டு டிகிரியில் 5.6 முறையும் வரும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. வித்தியாசம் அரை டிகிரிதான், பாருங்கள்.

கே: வறட்சிக்கும் சூடு காரணம், வெள்ளத்துக்கும் சூடு காரணம். எது நடந்தாலும் ஜெயிக்கிற வாதமாக இருக்கிறதே?

ப: நியாயமான குத்தல்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், பேய்மழையும் ஏறக்குறைய அதே அளவில் கனக்கிறது. ஆனால் உலகின் மொத்த மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும். ஆக, கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது, மற்ற நாட்களின் பங்கு குறைகிறது, மழை இல்லாத நாட்களில் அதே சூடான காற்று மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. எல்லா இடத்திலும் எல்லாமே நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. துருவத்தை ஒட்டிய பகுதிகளில் மழை கூடும், மத்தியதரைக் கடல் பகுதியில் குறையும் என்று இடம் சொல்லித்தான் கணிக்கிறார்கள். தப்பானால் தெரிந்துவிடும்.

கே: சரி, மழை கனத்தால் ஆற்று வெள்ளமும் அதே அளவு கூடுமா?

ப: கூட வேண்டியதில்லை. மழைக்கு முன் மண் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது அது. காய்ந்த மண் முதல் தண்ணீரைத் தானே குடித்துவிடும், அதனால் மிதமான மழைக்கு ஆற்றில் முன்னைவிடக் குறைவாகவே வரும். பேய்மழை அப்படியில்லை, மண் உறிஞ்சும் வேகத்தையே மிஞ்சிவிடும். சின்ன ஓடைகளும் சிமென்ட் பூசிய நகரங்களும் திடீர் வெள்ளத்தில் மாட்டுவது இப்படித்தான். பெரிய ஆற்றுப் படுகைகள் வேறு கதை. பனி உருகி ஓடும் ஆறுகள் சிலவற்றில், பனியே குறைந்துபோனதால் வசந்தகால வெள்ளம் தணிந்தும் இருக்கிறது. அப்புறம், பேய்மழை கனத்தும் வருட மொத்தத்தில் அணைக்கு வரும் நீர் குறைகிற இடங்களும் உண்டு.