தொட்டியைப் படிப்பவர்கள் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் மாடு என்றால் பெரும்பாலும் கறவை மாடுதான். அமெரிக்காவில் கான்சாஸ், டெக்சாஸ் பக்கம் இறைச்சி மாடுகளை ஆயிரக்கணக்கில் பட்டிகளில் அடைத்துத் தீவனம் போட்டுத் தேற்றும் ஃபீட்லாட்டுகளில் வேலை செய்ய ஆசை. "வைத்தியம் தெரிந்தால் போதும், எங்கே போனாலும் மாடு மாடுதானே" என்கிறார் ஒரு சீனியர். உண்மையா? என்னென்ன வேலைகள் இருக்கின்றன, எதைப் படிக்க வேண்டும்? எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. அது தடையா?

ம., நாமக்கல்

அன்புள்ள ம.,

உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்றுவிட்டு மறுநாள் எழ முடியாமல் கிடக்கும் மாட்டை நீங்கள் கிளினிக்கில் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்து மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகி, ருமெனின், அதாவது முதல் இரைப்பையின், பி.எச். 5-க்குக் கீழே போய் அமிலம் மிஞ்சிவிட்ட நிலை அது. அசிடோசிஸ் என்பார்கள். கான்சாஸ் ஃபீட்லாட்டில் நிற்கும் ஒவ்வொரு மாடும் கடைசி நாலைந்து மாதம் அந்தக் கல்யாணச் சோற்றின் விளிம்பில்தான் வாழ்கிறது. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய மக்காச்சோளம்தான் அதன் முக்கிய உணவு. நார்த்தீவனம் உலர்பொருள் கணக்கில், அதாவது ஈரத்தைக் கழித்த எடையில், நூற்றுக்கு எட்டோ பத்தோதான். 300 முதல் 360 கிலோவில் உள்ளே வரும் மாடு, 150 முதல் 200 நாளில் 600 கிலோவைத் தாண்டி வெளியே போகும்.

அந்த மாட்டுக்கு அசிடோசிஸ் வந்தபின் வைத்தியம் செய்ய உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே சம்பளம் தருவது, 200 மாடுகள் நிற்கும் பட்டியில் ஒன்றுகூட அந்த விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்கு. இந்த இடத்தில்தான் சீனியர் சொன்னதன் மறுபாதி தவறிப்போகிறது.

ஃபீட்லாட்டின் மிக முக்கியமான வேலை எது என்று கேட்டால், மருந்தறையைக் காட்ட மாட்டேன். விடியுமுன் வண்டியில் போய் ஒவ்வொரு பட்டியின் தீவனத் தொட்டியையும் பார்த்து, இன்று எத்தனை கிலோ போடலாம் என்று முடிவுசெய்யும் ஆளைக் காட்டுவேன். பரவலாகப் பயன்படும் அளவுகோல் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துடையது. துடைத்ததுபோல் காலியான தொட்டிக்கு 0. அங்கங்கே சிதறிக் கிடந்து அடித்தளம் பெரும்பாலும் தெரிந்தால் அரை. ஒரு சோளமணி கனத்தில் மெல்லிய படலமாக மிஞ்சினால் 1. நேற்றுப் போட்டதில் கால் முதல் பாதி வரை மீந்தால் 2, பாதிக்கு மேல் என்றால் 3, தொடாமலே கிடந்தால் 4.

எண்ணைக் குறிப்பது எளிது. என்ன செய்வது என்பதுதான் கடினம். தொட்டி காலி, மாடுகள் வரிசையாக வந்து காத்து நிற்கின்றன. பாவம் பசி என்று இரண்டு கிலோ கூட்டிப் போட்டால் பசித்த மாடு அவசரமாக அள்ளித் தின்னும், அமிலம் ஏறும், மறுநாள் பாதித் தீவனம் அப்படியே கிடக்கும். பயந்து குறைத்தால் அதற்கு மறுநாள் மீண்டும் பசி. இந்த ஏற்ற இறக்கம் ஒரு பட்டியில் தொடங்கிவிட்டால் அடங்க ஒரு வாரமாவது ஆகும். அதனால் தலைக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்குள் உலர்பொருள் கூட்டி, இரண்டு மூன்று நாள் அதே அளவில் நிறுத்திப் பார்ப்பார்கள். சாணத்தையும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில், நுரைத்து, இளகிக் கிடந்தால் தொட்டி சொல்லாததைச் சாணம் சொல்கிறது. இங்கே செய்த தவறு பல மாதம் கழித்து இறைச்சிக்கூடத்தில் கல்லீரல் சீழ்க்கட்டியாக வெளிப்படும். புண்பட்ட ருமென் சுவர் வழியாக ஃப்யூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கணக்கும் வேண்டும். 500 கிலோ மாடு எடையில் 2 சதவீதம், அதாவது 10 கிலோ உலர்பொருள் தின்கிறது என்று வையுங்கள். கலவையில் உலர்பொருள் 75 சதவீதம் என்றால் தலைக்கு 13.3 கிலோ, 200 மாட்டுக்கு 2,667 கிலோ ஏற்ற வேண்டும். ஈரம் ஏறி உலர்பொருள் 70 ஆக இறங்கியதை யாரும் அளக்காவிட்டால், அதே எடையை ஏற்றினாலும் மாட்டுக்குப் போவது 9.3 கிலோதான். "தொட்டி ஏன் சீக்கிரம் காலியாகிறது" என்று மறுநாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். உலர்பொருளை அளப்பது அலுப்பான வேலை. அதைத் தவறாமல் செய்பவரை எனக்கு மிகவும் மதிக்கத் தோன்றுகிறது.

தொட்டியைப் பார்ப்பது முதல் கண் என்றால், இரண்டாவது கண் நோயைப் பார்க்கும் கண். ஃபீட்லாட்டில் அதிகம் கொல்வது சுவாச நோய். தாயிடமிருந்து பிரித்து, சந்தையில் பல ஊர் மாடுகளோடு கலந்து, லாரியில் நெடுந்தூரம் வந்த கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி சரிந்திருக்கும். வைரஸ் வழிதிறக்க, மான்ஹைமியா ஹீமோலிட்டிகா போன்ற பாக்டீரியா நுரையீரலில் இறங்கும். பெரும்பாலும் முதல் ஆறேழு வாரத்துக்குள் இது நடக்கும். மாடு இரையாகும் விலங்கு, நோயை மறைக்கும். ஆள் பட்டிக்குள் நுழைந்ததும் காய்ச்சலில் துவண்ட மாடுகூடத் தலையை நிமிர்த்திக்கொள்ளும். அதனால் நுழையுமுன் தூரத்திலிருந்தே பாருங்கள்: தொட்டிக்கு வராதது எது, கடைசியாக எழுந்தது எது, விலா ஒட்டியது எது, தலை தாழ்ந்தது எது. பிறகுதான் வெப்பமானி. 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல் என்று கொள்ளலாம். இதையும் காலையிலேயே முடிக்க வேண்டும். கோடையில் மதியமானால் நல்ல மாட்டுக்கும் உடல் சூடேறி மூச்சு வாங்கும், வேறுபாடு தெரியாது.

மூன்றாவது, போஸ்ட்மார்ட்டம். செத்த மாடு உப்பிக் கிடந்தால் எல்லோரும் வயிறு உப்புசம் என்று எழுதிவிடுவார்கள். செத்தபிறகும் மாடு உப்பும். உணவுக்குழாயைத் திறந்து பாருங்கள்: கழுத்துப் பகுதி இரத்தம் கட்டிச் சிவந்து, மார்புக்குள் நுழையுமிடத்தில் கோடு போட்டதுபோல் வெளுத்திருந்தால் உயிரோடு இருந்தபோதே உப்பியது. கோடில்லை என்றால் நுரையீரலைப் பாருங்கள். முன்கீழ்ப் பகுதி ஈரல்போல் இறுகியிருந்தால் அது மூச்சு நோய், காலையில் பட்டியைப் பார்த்தவர் தவறவிட்டது. உப்புசம் என்றால் கேள்வி தீவனத்தை நோக்கித் திரும்பும். தப்பாக எழுதினால் தப்பான ஆளைத் திருத்துவார்கள், பட்டியில் சாவு நிற்காது.

ஊசி போடுவதிலும் பழக்கத்தை மாற்ற வேண்டும். இறைச்சி மாட்டுக்குத் தொடையிலோ பிட்டத்திலோ ஊசி கூடாது. கழுத்தில், தோள்பட்டைக்கு முன்னால், முடிந்தவரை தோலுக்கடியில், ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் போகாமல் போட வேண்டும். ஊசி இறங்கிய தசையில் தழும்பு விழும், விலை கூடிய துண்டு வீணாகும். மனித மருத்துவத்திலும் முக்கியமான ஆண்டிபயாட்டிக்குகள் 2023 ஜூன் முதல் அங்கே கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் கையெழுத்துக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது.

வேலைகளைப் பற்றி. பட்டியைச் சுற்றிப் பார்ப்பவர், தொட்டி பார்ப்பவர், தீவன ஆலைப் பொறுப்பாளர் ஆகியோர் அன்றாடம் அங்கேயே இருப்பவர்கள். ஆலோசக மருத்துவரும் ஆலோசகத் தீவன நிபுணரும் பல ஃபீட்லாட்டுகளுக்கு முறைவைத்துப் போய் வருபவர்கள். மருத்துவராக வேண்டுமென்றால் நம் பட்டம் அங்கே நேரடியாகச் செல்லாது. வெளிநாட்டுக் கால்நடை மருத்துவப் பட்டதாரிகளுக்கான ஈ.சி.எஃப்.வி.ஜி. என்ற நான்கு படிச் சான்றிதழ் முறை ஒரு வழி. அதன் கடைசிப் படியான செய்முறைத் தேர்வில் பண்ணை விலங்கு மருத்துவமும் போஸ்ட்மார்ட்டமும் தனித்தனிப் பிரிவுகள். அதோடு நாவ்லி என்ற வட அமெரிக்கக் கால்நடை மருத்துவ உரிமத் தேர்வும் மாநில உரிமமும் வேண்டும். செலவும் காலமும் அதிகம்.

உங்கள் ஆர்வம் தொட்டிப் பக்கம் சாய்ந்தால், அசைபோடும் விலங்குகளின் ஊட்டவியலில் முதுகலையோ ஆய்வோ செய்வதுதான் நல்ல வழி என்பது என் கருத்து. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், நெப்ராஸ்கா–லிங்கன், டெக்சாஸ் டெக், ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் வலுவானவை. ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்க வாய்ப்புண்டு. அந்தப் படிப்புக்கு மருத்துவ உரிமம் தேவையில்லை. இப்போதே உங்கள் கல்லூரிப் பண்ணையில் ஒரு மாதம் தினமும் விடியற்காலை தொட்டியைப் பார்த்து மதிப்பெண் எழுதுங்கள், தீவனத்தை உலர்த்தி எடை பாருங்கள். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

குதிரை தடையல்ல. மருத்துவரும் தீவன நிபுணரும் வண்டியில்தான் போகிறார்கள். ஆனால் அங்கே குதிரைகள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்தை மாடு தாங்கும். குதிரைக்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும், இதயத் தசை சிதைந்துவிடும். ஆலையில் காலடி வைக்கும் முதல் நாளே, அந்த மூட்டைகள் எங்கே இருக்கின்றன, குதிரைத் தீவனம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.